வாங்கிய ராத்திரிகள்

1

இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. தாம்பரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி வராந்தாவில் காய்ச்சலோடு உட்கார்ந்திருந்தபோது காதில் விழுந்தது. ஒரு மேட்ரன் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: "பாவம், ஆபரேஷன் ஆன உடம்பு. இனிமே அவளை நைட்டுலயே போட்டுடலாம். உக்காந்துக்கிட்டே பாக்கலாமில்ல."

அந்தக் குரலில் கள்ளம் இல்லை. நிஜமான இரக்கம் இருந்தது. அதனால்தான் எனக்கு ஆத்திரம் வந்தது.

ஏனென்றால் சில மாதம் முன்பு, கல்லூரி நூலகத்தில், ஓர் ஆங்கில இதழில் வேறொன்றைப் படித்திருந்தேன். இரவெல்லாம் மின்விளக்கில் விழித்திருக்கும் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் அதிகம் வருமோ என்று 1987-இல் ஓர் ஆராய்ச்சியாளர் கேட்டிருக்கிறார். கேட்டிருக்கிறார், அவ்வளவுதான். உறுதியான பதில் இன்னும் யாரிடமும் இல்லை.

அந்த இரக்கத்தையும் இந்தக் கேள்வியையும் ஒரே அறையில் போட்டுப் பூட்டினால் என்ன ஆகும்? அதுதான் கதை. மற்றதெல்லாம் நான் கட்டியது.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "அருள்மேரியின் மார்பை வெளிச்சம் தின்றுவிட்டது."

அடித்துவிட்டேன். வாக்கியம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பொய். வெளிச்சம் தின்றது என்று யாருக்குத் தெரியும்?

இரண்டாவது: "1993-ஆம் வருடம், செம்பாக்கம் ஏரிக்குமேல் சூரியன் மெல்ல எழும்பி—"

இதுவும் வேண்டாம். அருள்மேரி தூங்கப் போகிற நேரம் அது. அவளுக்கு எதிரியாக இருக்கிற ஒன்றை நான் அழகாக எழுதிக்கொண்டிருக்க முடியாது.

மூன்றாவது நிற்கட்டும்:

விடிந்ததும் அருள்மேரி இடது கையை ஒரு மடித்த போர்வைமேல் தூக்கி வைத்துக்கொண்டு, வலது கையால் கேஸ் ஷீட்டுகளைத் தள்ளித் தள்ளி டூட்டியை ஒப்படைத்தாள்.

3

அவளை அறிமுகப்படுத்திவிடுகிறேன். அருள்மேரி, ஸ்டாஃப் நர்ஸ், நாற்பதைத் தாண்டியவள். வீடு செம்பாக்கத்தில். போன வருடம் இடது மார்பை எடுத்துவிட்டார்கள். அக்குளில் இருந்த கட்டிகளையும் சேர்த்து எடுத்ததால் அந்தக் கை வீங்கிக்கொள்கிறது. நோயாளியைத் தூக்க முடியாது, புரட்ட முடியாது.

அந்த ஆஸ்பத்திரி நர்சுகளிடம் ஒரு வழக்கம் உண்டு. மேட்ரன் போடுகிற டூட்டி ஒருபுறம் இருக்கும். அதற்கு அடியில் இவர்களுக்குள் நடக்கிற கொடுக்கல் வாங்கல் வேறு. "அக்கா, புள்ளைக்கு அம்மை போட்டிருக்கு, இந்த வாரம் என் நைட்டை வாங்கிக்கிறீங்களா?" வாங்கினவள் திருப்பிக் கேட்கக் கூடாது, கேட்டால் மானக்கேடு. அருள்மேரி கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே வாங்கிக்கொண்டிருந்தாள். தீபாவளி ராத்திரிகளை வாங்கினாள், கார்த்திகை ராத்திரிகளை வாங்கினாள். கிறிஸ்துமஸ் ராத்திரியை மட்டும் ஒருத்தியும் அவளிடமிருந்து வாங்க முன்வந்ததில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வீட்டில் இருக்கலாமே என்று அவளும் சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

பகலில் தூங்குவதற்காக ஜன்னல் கண்ணாடியில் பழைய எக்ஸ்ரே பிலிம்களை ஒட்டி வைத்திருந்தாள். மத்தியானம் வெயில் ஏறினால் ஊர்பேர் தெரியாதவர்களின் விலா எலும்புகள் சுவரில் விழும். [படிக்கிறவர்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும். ரொம்பப் பிடிக்கும் என்பதாலேயே எடுத்துவிடலாமா என்று பார்த்தேன். ஆனால் எக்ஸ்ரே பிலிம் இல்லாவிட்டால் அவளுக்குத் தூக்கமே வராது. இருக்கட்டும்.]

இன்னொன்று. அருள்மேரியின் அம்மாவோடு பிறந்த சித்தியும் இதே நோயில்தான் செத்தாள். இதை மறைத்திருந்தால் கதை வலுவாக இருந்திருக்கும். மறைக்கவில்லை.

4

டாக்டர் வேதாசலம் காலை ரவுண்ட்ஸுக்கு வந்தார். குளித்து, விபூதி இட்டு, நன்றாகத் தூங்கி எழுந்த முகம்.

"சிஸ்டர், ஒரு ஜர்னல்ல பாத்தேன். ராத்திரி லைட்டுல வேலை செய்யற லேடீஸுக்கு உங்களுக்கு வந்த பிராப்ளம் ஜாஸ்தியா வரலாம்னு ஒரு தியரி."

"தியரின்னா என்ன சார்?"

"ப்ரூஃப் இல்லன்னு அர்த்தம். இருட்டுல மூளைக்குள்ள ஒரு ஹார்மோன் சுரக்கும். கண்ணுல வெளிச்சம் பட்டா குறைஞ்சிடும். அதுவரைக்கும் நிச்சயம். அது குறைஞ்சா கட்டி வருமாங்கறது கெஸ். கண்ணே தெரியாத பொம்பளைங்களுக்கு இது கம்மியா வருதுன்னு ஒருத்தர் கணக்குக்கூட போட்டிருக்கார்."

"அப்ப எனக்குக் கண்ணு இருந்ததுதான் தப்பு, இல்ல சார்?"

அவர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் பாதி சிரித்தார். "மனசுல வெச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

தரையைத் துடைத்துக்கொண்டிருந்த ஆயா அங்காளம்மா நிமிர்ந்தாள். "இன்னா சிஸ்டர் சொல்லிட்டுப் போறாரு?"

"ராத்திரி லைட்டு உடம்புக்கு ஆகாதாம்."

"அப்ப அமுத்திட்டு வேலை செய்ய சொல்லு. இருட்டுல ஊசிய எங்க குத்துவியாம், அவரு மூக்குலயா?"

அருள்மேரி சிரித்தாள். சிரித்தபோது தையல் போட்ட இடம் இழுத்தது.

(அங்காளம்மாவுக்கும் பாதி நாள் நைட்தான். அவள் உடம்பைப் பற்றி இந்தக் கதையில் யாரும் விசாரிக்கவில்லை. நானும் விசாரிக்கவில்லை.)

5

இங்கே அந்த ஹார்மோனைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். எலிகள், கூண்டுகள், அணைக்காத விளக்குகள். கிழித்துப் போட்டேன். அதில் இருந்ததெல்லாம் எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்கிற ஆசை. அருள்மேரிக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் கிடையாது. அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: மிச்சம் இருக்கிற வலது மார்பை இதே ட்யூப்லைட்டுக்குக் கீழே கொண்டுபோய் உட்காரவைக்கலாமா?

அதற்கு எந்த இதழிலும் விடை இல்லை. 'இருக்கலாம்' என்று எழுதிய யாருக்கும் அன்று ராத்திரி டூட்டி இல்லை.

6

வீட்டுக்குப் போகாமல் அவள் மேட்ரன் ஞானாம்பாளின் அறைக்குப் போனாள்.

"மேடம், எனக்குப் பகல் டூட்டி வேணும்."

"உன் நல்லதுக்குத்தானேம்மா நைட்டுல போட்டேன். பகல்ல வார்டுன்னா பேஷண்ட்டைத் தூக்கணும். உன் கை தாங்குமா?"

"ஓ.பி.யில உக்காந்து சீட்டு எழுதறேன். அதுக்கு இந்தக் கை வேண்டாம்."

"அங்க சுப்புலட்சுமி இருக்காளே."

ஞானாம்பாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "இருக்கறது இவ்வளவு பேர்தான். நீ நைட்டை விட்டா ஒருத்தி எடுத்தாகணும். சரி, ஓ.பி. உனக்கு. நைட்டு சுப்புவுக்கு. ஆனா அதை நான் சொல்ல மாட்டேன். பச்சைக் குழந்தைக்காரி. நீயே போய்ச் சொல்லு."

[ஞானாம்பாளைக் கொடுமைக்காரியாக எழுத மூன்று தடவை முயன்றேன். ஒவ்வொரு தடவையும் அவர் நியாயத்தோடு திரும்பி வந்து நின்றார். கொடுமைக்காரர்கள் இருக்கிற கதையை எழுதுவது எவ்வளவு சுலபம்.]

சுப்புலட்சுமி ஓ.பி. வாசலில் கூட்டத்தை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். பால் கட்டி ரவிக்கை நனைந்துவிடுமோ என்று முந்தானையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, இன்னும் வீட்டுக்குப் போகலியா? கண்ணெல்லாம் செவந்து கெடக்கு."

"சுப்பு, திங்கள்லேர்ந்து நீ நைட்டு. நான் இங்க."

"விளையாடாதீங்கக்கா." அருள்மேரியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "நிஜமாவா? நைட்டுலதான் நிம்மதி, டாக்டருங்க தொல்லை இல்லன்னு நீங்கதானே சொல்லுவீங்க. இப்ப என்னக்கா திடீர்னு? ஏன்?"

7

இங்கேயே மூன்று வாரமாக நிற்கிறேன்.

ஒரு முடிவு: அருள்மேரி எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். சுப்பு பயந்து மறுத்துவிடுகிறாள். படப்பையிலிருந்து பயிற்சிக்கு வந்த, வயது இருபதுகூட ஆகாத ஒருத்தியை ஞானாம்பாள் நைட்டுக்குப் போடுகிறார். அந்தப் பெண்ணிடம் ஒருவரும் எதுவும் சொல்வதில்லை.

இன்னொன்று: "கை வலிடி" என்று பொய் சொல்கிறாள். சுப்பு வாங்கிக்கொள்கிறாள். வருடங்கள் கழித்து ஒருநாள் சுப்பு குளிக்கும்போது விரலில்— வேண்டாம். கட்டியை வைப்பது எனக்கு ஒரு வரி வேலை. வைத்தால் அருள்மேரி பாவி, வைக்காவிட்டால் கெட்டிக்காரி. வெளிச்சத்தைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாதபோது அந்த வரியை எழுத நான் யார்?

மூன்றாவது: "சும்மா கேட்டேன்டி" என்று திரும்பிப் போய் ராத்திரிகளைத் தானே வைத்துக்கொள்கிறாள். உங்களுக்கு இதுதான் பிடிக்கும். கண் கலங்குவீர்கள், தியாகம் என்பீர்கள். அதனாலேயே இதை எழுத மாட்டேன். இவள் போதுமான அளவு கொடுத்தாயிற்று.

நான்காவதாக ஒன்றைத் தேடினேன். விளக்கை மங்கலாக்கலாம், டூட்டியைக் குறுக்கலாம், இன்னும் நாலு நர்சுகளை வேலைக்கு எடுக்கலாம். அதெல்லாம் முதலாளி எழுத வேண்டிய கதை. அவர் கதை எழுதுவதில்லை.

ஆகவே உங்களிடம் தருகிறேன். என்றாவது ஒருநாள் அந்த வார்டில் உங்கள் அம்மா படுத்திருப்பாள், அல்லது நீங்களே. நடுச்சாமத்தில் சலைன் தீர்ந்து குழாயில் ரத்தம் ஏறும். மணியை அழுத்துவீர்கள். அழுத்தினால் யாராவது வந்தே ஆக வேண்டும். வராவிட்டால் கத்துவீர்கள், நானும் கத்துவேன். வருகிறவள் விளக்கைப் போடாமல் நரம்பைத் தேட முடியாது.

சுப்புலட்சுமி முந்தானையைப் பிடித்தபடி நிற்கிறாள். அருள்மேரி இன்னும் வாய் திறக்கவில்லை. அவள் சொல்லப்போவது உங்கள் கையில்.

யார் வர வேண்டும்?