இரண்டும் வலது கால்

1

இந்தக் கதை ஒரு ஜோடிக் காலிலிருந்து வந்தது என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன தை மாதம் ஏலகிரியில் சுவாமிமலை ஏறும் பாதையில் ஒரு பெண்ணைப் பார்த்தேன். வலது காலில் புத்தம்புது மலையேறும் ஷூ. இடது காலில் ரப்பர் செருப்பு. மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தாள், முகத்தில் வெட்கம் துளியும் இல்லை. ஒதுங்கி வழிவிட்டேன். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பெயர், வேலை, கூட வந்த ஆள் எல்லாம் நானாகச் சேர்த்தது.

2

தொடக்கம் ஒன்று: மேகங்கள் ஏலகிரியின் தோள்களில் மெல்ல...

வேண்டாம். மலைக்குத் தோள் வைத்து எழுதுகிறவர்களை எனக்கே பிடிக்காது.

தொடக்கம் இரண்டு: அம்பரீனுக்குக் கால் அளவு முப்பத்தேழு.

இது நிற்கும். அவள் வேலை பார்க்கும் ஆம்பூர் ஷூ கம்பெனியில் பெண்கள் ஷூவுக்கு சாம்பிள் செய்கிற அளவு அது. தையலுக்குச் சேர்ந்தவளை, கால் அச்சாக அமைந்திருக்கிறதே என்று சாம்பிள் ரூமுக்கு இழுத்துக்கொண்டார்கள். ஒன்பது வருஷமாகிறது. புது மாடல் எது வந்தாலும் அவள்தான் போட்டு நடந்து பார்க்க வேண்டும். எங்கே? சிமென்ட் தரையில், ஜன்னலிலிருந்து கதவு வரை. எத்தனையோ ஷூக்களில் நடந்திருக்கிறாள், ஒன்றிலும் எங்கேயும் போனதில்லை.

(கடைசி வாக்கியம் கொஞ்சம் அலங்காரமாகிவிட்டது. இருக்கட்டும், உண்மைதானே.)

3

இந்த முறை வந்தது மலையேறும் ஷூ. கம்பெனிக்கே அது முதல் தடவை. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஷூவை வாங்கப்போகும் வெளிநாட்டு பையருக்கு சாம்பிள் கிளம்ப வேண்டும். கூடவே, நடந்து பார்த்த ஃபாரமும் அம்பரீன் கையெழுத்தோடு போக வேண்டும். சனிக்கிழமை மதியம் சூப்பர்வைசர் நவநீதன் ஃபாரத்தை நீட்டினார்.

"ரெண்டு மணி நேரம் நடந்தேன், ஓகேன்னு எழுதிடும்மா. எப்பவும் எழுதறதுதானே."

"இது மலைக்குப் போற ஷூ சார். தரையில நடந்துட்டு இன்னான்னு எழுதறது?"

"அதுக்கு மலைக்கா போவ முடியும்?"

"போறேன் சார்."

நவநீதனை வில்லனாக்கிவிடலாமா என்று பார்த்தேன். மனசு வரவில்லை. அவருக்கு மேலே ஒருவர் இருக்கிறார், அந்த ஒருவருக்கு மேலே இன்னொருவர். "போய்ட்டு வா. ஆனா திங்கக்கெழம ஒம்போது மணிக்கு முன்ன ஃபாரம் என் டேபிள்ல இருக்கணும்" என்றார்.

அம்பரீனின் தையல் பிரிவுத் தோழி ஜோதியின் கொழுந்தன் காசிநாதன் ஏலகிரியில் ஒரு லீவு காட்டேஜைப் பார்த்துக்கொள்கிறான். அந்த வாரம் விருந்தாளி யாரும் இல்லை. தோழிகள் இருவரும், நடந்து பார்க்கவென்று தனியாகச் செய்த ஷூ பெட்டியோடு பஸ் ஏறினார்கள்.

4

ஞாயிறு காலை காட்டேஜ் படியில் உட்கார்ந்து அம்பரீன் பெட்டியைத் திறந்தாள். இரண்டும் வலது கால்.*

ஜோதி சிரித்த சிரிப்பில் காசிநாதன் டீத் தம்ளரோடு ஓடிவந்தான். "இன்னா அண்ணி, இன்னா ஆச்சு?"

"யா அல்லா! ஒம்போது வருஷ சர்வீஸ் எனக்கு. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அக்கா" என்று அம்பரீன் முகத்தை மூடிக்கொண்டாள்.

* சாம்பிள் ரூமில் பெரும்பாலும் ஒற்றைக் கால்தான் செய்வார்கள். மாடலைப் பார்க்க அது போதும். ஒற்றை ஷூவையே பார்த்துப் பழகிய கண் அளவைப் பார்த்தது, தையலைப் பார்த்தது, எந்தக் கால் என்று பார்க்கவில்லை. செருப்புக் கடைப் பையன்கூட இந்தத் தப்பைச் செய்யமாட்டான்.

ஜோதிக்கும் முப்பத்தேழு என்று எழுதினால் ஆளுக்கொரு ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பியிருப்பார்கள், எனக்கும் வேலை மிச்சம். ஆனால் ஜோதிக்கு நாற்பது. கதைக்காக ஒருத்தியின் காலைச் சுருக்க முடியாது.

"ஒண்ண மாட்டிக்க, இன்னொரு கால்ல செருப்பு" என்றாள் ஜோதி. "எது தேவலைன்னு அங்கங்கயே தெரிஞ்சிடும்ல?"

5

ஏறினார்கள். சரளைக் கல்லில் இடது கால் வழுக்கியது, வலது கால் பிடித்து நின்றது. ஈரப் பாறையிலும் அப்படியே. அம்பரீனுக்குப் பெருமை பொங்கியது. அந்த அடிப்பாகத்தை ஒட்டியவர்களின் பெயர்கள் அவளுக்குத் தெரியும்.

முக்கால் தூரத்தில் ஜோதி உட்கார்ந்துவிட்டாள். "போதும்டி, பேஜாரா இருக்கு. இவ்ளோ தூரம் ஏறினதே ஜாஸ்தி."

"நீங்க இருங்க அக்கா. நான் போய்ட்டு வர்றேன்."

அவளைத் தனியாக விட மனசில்லாமல் ஜோதி எழுந்துவிட்டாள்.

உச்சியில் காற்று. [இங்கே நாலு வரி இயற்கை வர்ணனை] எழுதினேன், எடுத்துவிட்டேன். இருவரும் எலுமிச்சை சாதம் சாப்பிட்டார்கள். ஆம்பூர் எந்தப் பக்கம் என்று தேடினார்கள், மூட்டமாக இருந்ததால் தெரியவில்லை. அம்பரீன் சந்தோஷமாக இருந்தாள். இதை வேறு எப்படியும் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

6

இறங்கும்போதுதான் வம்பு. வலது பெருவிரல் ஒவ்வொரு அடிக்கும் ஷூவின் முன்பக்கத்தில் இடித்தது. கயிற்றை இறுக்கிக் கட்டினாள். அப்போதும் இடித்தது.

"ஏறறப்ப நல்லா இருந்திச்சே?" என்றாள் ஜோதி.

"அதான் அக்கா. யாரோ ஒருத்தி, எந்த ஊர்க்காரியோ, இத நம்பி உச்சி வரைக்கும் போய்டுவா. அப்புறம் எப்படி இறங்குவா?"

முடிவு ஒன்று: அம்பரீன் பெருமூச்சு விட்டு, ஓகே என்று எழுதி...

இல்லை. அதை சனிக்கிழமையே எழுதியிருப்பாளே.

முடிவு இரண்டு: அவள் நேர்மையை மெச்சி பையர் கடிதம் போட, சம்பளம் உயர்ந்து... அப்படி ஒரு கம்பெனி இருந்தால் விலாசம் சொல்லுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.

அவள் எழுதியது இது: "ஏற நன்றாக இருக்கிறது. இறங்கும்போது பெருவிரல் இடிக்கிறது. அச்சில் முன்பக்கம் இடம் கூட்ட வேண்டும். வலது கால் மட்டுமே போட்டுப் பார்த்தது." கடைசி வரியை எழுதத்தான் வெகு நேரம் யோசித்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

7

அவள் பங்கு முடிந்தது. என் பங்கும் இங்கே முடிகிறது. இனிமேல் நீங்கள்தான் நவநீதன்.

திங்கட்கிழமை, ஒன்பதுக்குப் பத்து நிமிஷம் இருக்கிறது. கூரியர் வண்டி கேட்டில் நிற்கிறது. மேலேயிருந்து இரண்டு தடவை போன் வந்துவிட்டது. உங்கள் மேஜையில் அம்பரீன் எழுதிய ஃபாரம், பக்கத்திலேயே எழுதாத ஃபாரம் ஒன்று. எதிரே அவள், பெருவிரலில் பிளாஸ்திரியோடு, ஒரு மலையை ஏறி இறங்கிய நிம்மதியில் நிற்கிறாள். அவளுக்கு அவசரமில்லை.

"படிச்சிட்டீங்களா சார்?" என்கிறாள்.