உருண்டைக்குப் பின்னால் எலுமிச்சை

மூக்கை நம்பி ஒருவரின் வேலையைப் பறிப்பதா என்று எனக்குக் கோபம். ஆனால் அந்தக் கேனைத் திறந்து முகர்ந்தபோது எனக்கும் எலுமிச்சை வாசனைதான் அடித்தது. மருத்துவமனைக்கு அனுப்பிய, வாசனையே இருக்கக் கூடாத சோப்புத் திரவம். மறுபடியும் திரும்பி வந்திருந்தது. எங்கள் ஆலையில் காலையில் எலுமிச்சைச் சோப்பு, மதியம் அதே குழாயில் வாசனையில்லாதது. நடுவில் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவுவது என் அக்கா வீட்டுக்காரரின் வேலை. "உங்க மாமா கழுவுறாரா, இல்ல கழுவுற மாதிரி நிக்கிறாரா?" என்று கேட்ட மேனேஜர், சாயங்காலத்துக்குள் காரணம் தெரியாவிட்டால் அவரை அனுப்பிவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மாமாவா கழுவாமல் விடுவார்? அக்கா கழுவி வைத்த டம்ளரையே வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி கழுவுகிற ஆள். அதற்காகவே வீட்டில் தினமும் வாங்கிக் கட்டிக்கொள்வார்.

குழாயில் என்ன ஓடுகிறது, எவ்வளவு சூடு, எவ்வளவு அழுத்தம் என்று பார்த்து வால்வு தேர்ந்தெடுப்பது என் பொறுப்பு. இங்கே அழுத்தம் ரொம்பக் குறைவு. சோப்பு சோம்பலாகத்தான் நகரும். அதனால் சாதாரண 'பால் வால்வு', அதாவது உருண்டை வால்வே போதும் என்று நான்தான் முடிவு செய்தேன். உள்ளே துளையிட்ட ஓர் உருண்டை. கைப்பிடி குழாயோடு நேராக நின்றால் வழி திறக்கும், குறுக்கே திருப்பினால் அடைபடும். இதில் வாசனை எங்கே போய் ஒளிந்துகொள்ளும்? அந்தக் கேள்வி மண்டையைக் குடைந்தது.

"மாமா, ஒண்ணைக் கழட்டுங்க."

"இப்பதானே கழுவினேன்."

"அதனாலதான் கேக்கறேன்."

கழற்றிக் கொடுத்தார். துளை பளிச்சென்று இருந்தது. பார்த்தாயா என்பது போல் என்னைப் பார்த்தார். உருண்டையை வெளியே உருவினேன். அதற்கும் வால்வின் வெளிக்கூட்டுக்கும் நடுவிலிருந்த இடுக்கிலிருந்து மஞ்சளாக ஒரு கரண்டி சோப்பு என் உள்ளங்கையில் வழிந்தது.

வெட்கப்படத் தோன்றுவதற்கு முன்னால் ஆச்சரியம்தான் வந்தது. முழுக்கத் திறந்தால் தண்ணீர் துளை வழியே நேராகப் போய்விடும், இந்த இடுக்கை எட்டிக்கூடப் பார்க்காது. பாதி திருப்பினால்தான் துளையின் வாய் இடுக்குப் பக்கம் திறக்கும்.

"கழுவும்போது பாதியில வைக்கிறதே இல்லையா மாமா?"

அவர் சுவரைக் காட்டினார். 'கைப்பிடியைப் பாதியில் நிறுத்தாதீர்கள்.' நான் கொட்டை எழுத்தில் ஒட்டிய தாள். சோப்பு ஓடும்போது பாதியில் நிறுத்தினால் உள்ளே கசிவைத் தடுக்கும் வளையம் தேயுமே என்று ஒட்டியது. கழுவுவதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

"நீ ஒட்டின நாள்லேர்ந்து ஒரு தடவைகூட நிறுத்தினதில்ல," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இதச் சொன்னா பழி உன் தலையில விடியும். நான் சரியா கழுவலன்னே இருந்துட்டுப் போகட்டும்."

"அப்புறம் அக்காவுக்கு யாரு பதில் சொல்றது? சும்மா இருங்க."

அடுத்த வால்வுக்குப் போனேன். அதுவும் அவர் கழுவி முடித்ததுதான். கீழே வாளியை வைத்து, கைப்பிடியை நேராக நிறுத்தித் தண்ணீரைத் திறந்தேன். தெளிவாக விழுந்தது.

வெளியே மேனேஜரின் செருப்புச் சத்தம் கேட்டது. மாமா சுவரிலிருந்த தாளைக் கிழிக்கக் கை நீட்டினார். அந்தக் கையைத் தட்டிவிட்டு, கைப்பிடியைப் பாதிக்குத் திருப்பினேன். அந்தத் தாளுக்கு நேர் கீழே அது கோணலாக நின்றது. வாளித் தண்ணீர் மெல்ல மஞ்சளாகி நுரைக்கத் தொடங்கியது.