ஒரு டம்ளர் அகலம்

தச்சருக்கு அந்தத் தெருவில் 'இதோ' என்று பெயர். யார் வீட்டில் கதவு இறுகினாலும், கட்டில் கால் ஆடினாலும், "இதோ வந்துட்டேன்" என்பார். சொன்ன வாய் மூடுமுன் உளியும் கையுமாக வந்து நிற்பார். மனைவியிடமும் அதே வார்த்தையைத்தான் சொன்னார். ஒரு மழைக்காலத்தில் அவர்கள் வீட்டு வாசல் கதவு ஈரம் குடித்து உப்பி, நகர மாட்டேன் என்று நின்றுவிட்டது. "இதோ பாத்துடறேன்" என்றார். அதற்குப் பிறகு எத்தனையோ மழை வந்து போய்விட்டது.

அன்றைக்கு அவசரத்துக்கு முன்னறை ஜன்னல் வழியாக இறங்கிப் போனார்கள். பெரிய ஜன்னல், அதற்குக் கம்பி போடுவதும் ஒரு 'இதோ'வில் நின்றிருந்தது. மறுநாளும் அப்படியே போனார்கள். பிறகு உள்ளே ஒரு முக்காலி, வெளியே ஒரு முக்காலி வந்தது. ஜன்னலுக்குக் கீழே கால்மிதி வந்தது, பக்கத்தில் அழைப்பு மணி வந்தது. விருந்தாளிகள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி இறங்கினார்கள். உடம்பு பெருத்த மாப்பிள்ளை மட்டும் ஜன்னலோரம் நாற்காலி போட்டு வெளியிலிருந்தே சாப்பிட்டுவிட்டு, "சாப்பாடு பிரமாதம் அத்தை, காத்தும் நல்லா வருது" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டுப் போவார். ஒருமுறை திருடன் வந்தான். கதவோடு மல்லுக்கட்டிக் கைசோர்ந்து, கடப்பாரையை அங்கேயே போட்டுவிட்டுப் போய்விட்டான். "பாவம், ஜன்னல்னு யாராவது சொல்லியிருக்கலாம்" என்று மனைவி வருத்தப்பட்டாள்.

தச்சர் சோம்பேறி இல்லை. ஊரார் கதவைத் தொடும்போது அவருக்கு அது வெறும் கதவு. தன் கதவைத் தொட நினைத்தால் மட்டும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். நிலைச்சட்டம் முழுக்கக் கரையான் அரித்திருக்குமோ? திறந்த கையோடு சுவரும் இறங்கிவிடுமோ? தச்சன் வீட்டு நிலையே தூள் என்று தெரு சிரிக்குமோ? தள்ளிப்போட்ட ஒவ்வொரு நாளும் அந்தக் கரையானுக்கு அவரே தீனி போட்டு வளர்த்தார். தினமும் குளித்ததும், "ஆண்டவனே, இந்தக் கதவை நீதான் திறந்துவிடணும்" என்று வேண்டிக்கொள்வார். ஆண்டவன் மாட்டேன் என்று சொல்லியிருக்க மாட்டான். ஆனால் தாழ்ப்பாள் உள்பக்கம் இருந்தது.

இந்த நிலையில்தான் அவருடைய அக்கா விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டாள். தாயில்லாத வீட்டில் தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். ஆபரேஷன் முடிந்து, இனி சக்கர நாற்காலிதான், தனியாக இருக்கக் கூடாது என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். முதியோர் இல்லம் ஒன்றில் இடம் கேட்டு வைத்திருப்பதாக அக்கா போனில் சொன்னாள். தச்சர் அவளை முடிக்க விடவில்லை.

"இல்லமாவது ஒண்ணாவது. என் வீட்டுக் கதவு உனக்கு எப்பவும் திறந்துதான் இருக்கும் அக்கா" என்றார்.

மனைவி கதவைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

அக்கா வருகிற நாளும் வந்தது. தச்சர் விடியும்போதே எழுந்து உளியைத் தீட்டினார். தீட்டிய உளியை அடிக்கக் கொட்டாப்புளி வேண்டும். அதன் பிடி லேசாக ஆடியது. ஆடும் பிடியோடு நல்ல காரியத்தைத் தொடங்கலாமா? புதிய கொட்டாப்புளி ஒன்று செய்தார். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்போல் வந்தது.

"கொட்டாப்புளி உள்ள வந்துடும். அண்ணி எப்படிங்க வருவாங்க?" என்றாள் மனைவி.

அந்தக் கேள்வியிலிருந்துதான் அவருக்கு யோசனை பிறந்தது. கதவுக்கென்று வாங்கி வைத்திருந்த நல்ல தேக்கை எடுத்தார். உட்கார்ந்தபடியே ஒருவரைத் தூக்கி ஜன்னல் வழியாக உள்ளே இறக்கும் நாற்காலி ஒன்றைச் செய்தார். மேலே உத்தரத்தில் கப்பி, அதில் கயிறு, கயிற்றின் நுனி உள்ளே மனைவி கையில். கதவுக்கு ஆகும் உழைப்பைப்போல் நாலு மடங்கு அதற்கு ஆனது. ஊருக்கெல்லாம் அளவு தப்பாதவர் நாற்காலியை அளந்தார், ஜன்னலை அளந்தார். கைப்பிடிகளை மட்டும் பிறகு சேர்த்தார்.

"நான் உக்காந்து பாக்கறேன். நீ இழு."

மனைவி இழுத்தாள். தச்சர் தெருவைப் பார்த்தபடி கம்பீரமாக எழும்பி, ஜன்னலுக்குள் பாதி நுழைந்து, அப்படியே சிக்கிக்கொண்டார். முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை. வீட்டுக்கு இருந்த ஒரே வழியில் வீட்டுக்காரர் தக்கையாக அடைத்துக்கொண்டிருந்தபோது மருத்துவமனை வேன் வந்து நின்றது.

டிரைவர் அக்காவைச் சக்கர நாற்காலியோடு இறக்கி, மூடிய கதவின் முன்னால் நிறுத்தினார். அக்கா தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தாள்.

"என்னடா, தொட்டில்ல உக்காந்திருக்க?"

"உனக்குத்தான் அக்கா. வசதியா இருக்கான்னு பாத்தேன்."

"இருக்கா?"

"கொஞ்சம் இறுக்கம்."

டிரைவர் தொண்டையைக் கனைத்தார். "இவர்தான் உங்களை வெச்சுப் பாத்துக்கறேன்னு சொன்ன தம்பியாம்மா?"

"ஆமாப்பா. எங்க குடும்பத்துல தேறினது இவன்தான். மத்தவங்களை நீ பாக்கலையே."

"அதுக்கில்லம்மா. இருட்டிட்டா இல்லத்துல புதுசா யாரையும் சேக்க மாட்டாங்க. இங்க முடியாதுன்னா இப்பவே கிளம்பணும்."

"கொஞ்சம் பாப்போம்பா" என்றாள் அக்கா, விளையாட்டாகத்தான். ஆனால் மடியிலிருந்த துணிப்பையை அவள் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். இறக்கி வைக்க இடம் இருக்கிறதா என்று தெரியாதவர்கள் பையை அப்படித்தான் பிடிப்பார்கள். அந்தரத்தில் உட்கார்ந்திருந்த தச்சர் அதைப் பார்த்துவிட்டார்.

"மாத்திரை போடற நேரம். ஒரு வாய் தண்ணி இருந்தாக் குடு, தம்பி."

உள்ளேயிருந்து மனைவி டம்ளரை அவர் தோளுக்கு மேல் நீட்டினாள். தண்ணீர் முழுவதும் அவர் கழுத்தில் இறங்கியது. தச்சர் நெளிந்தார், திமிறினார், சட்டை கிழிந்து பின்பக்கமாக உருண்டு வீட்டுக்குள் விழுந்தார். நாற்காலி மட்டும் ஜன்னலைவிட்டு அசையவில்லை. தேக்கல்லவா, அவர் கைவேலை வேறு.

"ஏங்க, அடிபட்டுச்சா?"

"தண்ணி குடு" என்று டம்ளரை வாங்கிக்கொண்டு நின்றார் தச்சர். ஜன்னல் அடைத்திருக்கிறது. அக்கா கதவுக்கு அந்தப்புறம் இருக்கிறாள்.

கதவைச் சரிசெய்வது என்றால் அவர் இப்போதும் நாளைக்கு என்று தள்ளியிருப்பார். ஆனால் அவர் கதவைச் சரிசெய்ய நினைக்கவில்லை. டம்ளர் போகிற அளவுக்கு வழி வேண்டும், அவ்வளவுதான். தாகம் என்று கேட்டவளுக்குத் தண்ணீர் கொடுப்பதை எப்படித் தள்ளிப்போடுவது என்று அவருக்குத் தெரியாது.

கதவை மறைத்து நின்ற துணி ஸ்டாண்டைத் தள்ளினார். தையல் மிஷினை இழுத்தார். தாழ்ப்பாளில் எண்ணெய் விட்டு, புதுக் கொட்டாப்புளியால் தட்டினார். அது கிறீச்சிட்டு விலகியது. கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். கதவு ஒரு முனகலோடு ஒரு டம்ளர் அகலத்துக்குத் திறந்தது.

அக்கா தண்ணீரை வாங்கி மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். "முதுகு பிடிச்சுக்கிச்சுடா" என்றாள்.

தலையணை டம்ளரைவிட அகலம். கதவின் அடிமூலை தரையைப் பிடித்துக்கொண்டிருந்தது. தச்சர் குப்புறப் படுத்து அங்கே உளியால் கொஞ்சம் சீவினார். தலையணை போனது. வெயிலில் நின்ற டிரைவருக்கு மனைவி ஒரு தட்டில் டீயும் பிஸ்கட்டும் எடுத்து வந்தாள். தட்டு தலையணையைவிட அகலம். இன்னும் கொஞ்சம் சீவினார். தட்டும் போனது. டிரைவர் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டே, "ஒரு விரக்கடை அளவுதான் சார் இடிக்குது" என்றார்.

அந்த ஒரு விரற்கடையும் போனதும் கதவு, ஒன்றுமே நடக்காததுபோல், முழுதாகத் திறந்தது.

தச்சர் நிலைச்சட்டத்தைத் தடவிப் பார்த்தார், விரல் கணுவால் தட்டிப் பார்த்தார். கல்லுப்போல் இருந்தது. கரையானும் இல்லை, தூளும் இல்லை. இத்தனை காலம் அவர் பயந்தது, ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு முன் முடிகிற வேலைக்கு.

"இவ்வளவுதானா?" என்றாள் மனைவி.

"இவ்வளவுதான்" என்றார் தச்சர். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

டிரைவர் சக்கர நாற்காலியைத் தள்ளினார். வாசலில் படி இல்லை. நாற்காலி வழுக்கிக்கொண்டு உள்ளே வந்தது. அக்கா முன்னறையைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் துணிப்பையை மடியிலிருந்து எடுத்து மனைவியிடம் நீட்டினாள். "எங்கயாவது வைம்மா."

வேன் போன பிறகு தச்சர் கதவைச் சாத்தினார். மேல்மூலை இடித்து, சாத்த மறுத்தது. ஓடிப்போய் இழைப்புளியை எடுத்து வந்து, வெறி பிடித்தவர்போல் இழைக்க ஆரம்பித்தார்.

"டேய், தலையெல்லாம் அதிருதுடா. நான் கொஞ்சம் தூங்கணும். மீதியை நாளைக்குப் பண்ணேன்" என்றாள் அக்கா.

தச்சர் திகைத்துப்போனார். 'நாளைக்கு' என்று அவரிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. எப்போதும் அவர்தான் தனக்குள் சொல்லிக்கொள்வார். இழைப்புளியைக் கீழே வைக்கக் கை வரவில்லை.

"நாளைக்குன்னா, அக்கா…" என்று இழுத்தார்.

மனைவி வந்து, அதிராமல் இருக்கக் கதவை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டாள். "மெதுவா இழைங்க" என்றாள், குரலைத் தாழ்த்தி.

அவர் மெதுவாக இழைத்தார். குழந்தையின் தலையை வாருகிறவர்போல, சத்தமே இல்லாமல். மெல்லிய மரச்சுருள்கள் இருவர் காலடியிலும் விழுந்துகொண்டிருந்தன. அக்கா தூங்கிப்போனாள்.