சாரோட ஷூ

"உங்க ஷூவை நீங்களே தூக்கிட்டு வாங்க சார்."

கடைக்காரர் திறந்து காட்டிக்கொண்டிருந்த பையின் ஜிப் பாதியில் நின்றது. விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்து சார் சிரித்தார்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே கணக்குப் பிரிவு அக்கா அவளை ஓரமாக இழுத்துச் சொல்லியிருந்தாள்: "லீவு கேளு, ஃபேனுக்குக் கீழ சீட்டு கேளு, சம்பளத்தைக்கூட கூட்டிக் கேளு. அவர் சாமானை அவரைத் தூக்கச் சொல்லி மட்டும் கேட்டுடாதே. கேட்டவங்க யாரும் அப்புறம் ஃப்ளைட் ஏறினதில்ல."

ஆஸ்பத்திரிகளுக்கு ரத்தப் பரிசோதனை மெஷின் பொருத்தும் கம்பெனி அது. சார் அங்கே சர்வீஸ் மேனேஜர். வெளியூர் போனால் கையை வீசிக்கொண்டுதான் நடப்பார். அவருடைய ஷூ, ஷேவிங் டப்பா, கசங்கக் கூடாத கோட்டு எல்லாம் கூடப் போகும் ஜூனியரின் முதுகில். அந்த ஜூனியருக்கு ஆபீசில் பெயரே 'சக்கரம்'. பழைய சக்கரம் வேறு கம்பெனிக்கு உருண்டு போய்விட்டது. இப்போது இவள் முறை. திங்கட்கிழமை அவளுக்கு முதல் விமானப் பயணம், முதல் வெளியூர் வேலை. பை கம்பெனிச் செலவு. அதனால்தான் சாப்பாட்டு நேரத்தில் சாரும் கடைக்கு வந்திருந்தார், அளவு பார்க்க ஷூவைத் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு!

"விளையாடாதே. இந்தக் கறுப்பை எடு, பெருசு. ஷூ அடியில, கோட்டு மேல. உன் டப்பாவை லக்கேஜ்ல போட்டுடு."

டப்பா என்று அவர் சொன்னது, மெஷின் சரியாக அளக்கிறதா என்று சோதிக்கும் கருவியை. உள்ளே முழுக்கக் கண்ணாடி. ஒரு இடி இடித்தால் அளவு பிசகும். பிசகினால் யாருடைய ரத்தத்துக்கோ தப்பான எண் வரும். அது தூக்கி எறிகிற லக்கேஜில் போவதாம், பதினோராம் நம்பர் ஷூ சொகுசாக மேலே உட்கார்ந்து போவதாம்!

"கையில ஏழு கிலோதான் சார் விடுவாங்க. டப்பா மூணரை. உங்க சாமான் மூணு. நான் கட்டின துணியோட போய் நிக்கணுமா?"

"இத்தனை நாள் எல்லாரும் சமாளிக்கலையா?"

"டப்பாவை லக்கேஜ்ல போட்டுச் சமாளிச்ச லட்சணம்தான், போன மெஷின் ரெண்டே மாசத்துல திரும்பி வந்துச்சு."

கடைக்காரர் இருமலை விழுங்கினார்.

"அண்ணே, அந்தச் சாம்பல் கலர் சின்னதை எடுங்க."

கருவியின் காலிப் பெட்டியைக் கொண்டுவந்திருந்தாள். அந்தப் பை, சூட்கேஸ் மாதிரி முழுதாக விரிந்து திறந்தது. நடுவில் பஞ்சு வைத்த அறை. காலிப் பெட்டி கச்சிதமாக இறங்கியது. பக்கத்தில் இரண்டு செட் துணிக்கு இடம். தோள்வாரின் தையலை நகத்தால் கீறிப் பார்த்தாள். கடைவாசலில், விமானத்தில் கையோடு விடும் பை அளவுக்குக் கம்பியில் செய்துவைத்திருந்த கூண்டுக்குள் விட்டாள்; தள்ளாமலே உள்ளே போனது.

"இன்னும் கொஞ்சம் பெருசு பாக்கலாமே மேடம்?" என்றார் கடைக்காரர்.

"வேணாம்ணே. இடம் இருந்தா கண்டவங்க சாமானும் வந்து குந்திக்கும்."

சாரின் சிரிப்பு அத்தோடு போயிற்று. "வீட்டுலயே முதல் பட்டதாரி, பாவம், ஒரு வாய்ப்புக் குடுப்போம்னு பார்த்தேன். நீ வர வேணாம்னு மேல ஒரு வார்த்தை சொன்னாப் போதும், தெரியுமில்ல?"

தெரியாமல் என்ன? இந்தச் சம்பளத்தை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. ஆனாலும் கூண்டிலிருந்து பையை இழுத்தெடுத்தாள்.

"எங்கப்பா முப்பது வருஷமா அடுத்தவங்க சாமானைத் தூக்கி லாரியில ஏத்துறாரு. அந்த வேலைக்கு டிகிரி கேக்கறதில்ல சார். நானும் அதையேதான் செய்யணும்னா, நாலு வருஷம் எதுக்குக் கண்ணு முழிச்சுப் படிச்சேன்?"

"அப்ப திங்கட்கிழமை நீ..."

"சொல்லிப் பாருங்க. பழைய ஆளும் போயாச்சு, இந்தக் கருவியைத் தொடத் தெரிஞ்ச ஆளு வேற யாருன்னு கேப்பாங்க. அதுக்கும் ஒரு பதிலை யோசிச்சு வெச்சுக்குங்க." கடைக்காரர் பக்கம் திரும்பினாள். "கம்பெனி பேர்ல பில் போடுங்கண்ணே."

"கவர்ல போட்டுத் தரவா?"

"எதுக்கு? மாட்டிக்கிட்டே போறேன்."

சார் பின்னாலிருந்து என்னவோ சொல்ல ஆரம்பித்தார். அவள் வாரை ஒரே இழுப்பில் இறுக்கிக்கொண்டு, கதவைத் தள்ளி, வெயிலில் இறங்கி நடந்தாள்.