இரும்பை விலக்கும் குமிழ்

நெல்லிவாசலுக்கு மேலே இருக்கும் அந்தச் சரிவில் யாரும் ஏர் பூட்டுவதில்லை. எந்தக் காலத்திலோ அங்கே இரும்பு உருக்கியிருக்கிறார்கள். உருக்கியதில் மிஞ்சிய கசடு கறுப்புக் கறுப்பாக நிலமெங்கும் இறைந்து கிடந்தது. மலைக்காரர்கள் அதைச் சிட்டக்கல் என்றார்கள்.

திரௌபதி ஒரு சிட்டக்கல்லைப் பொறுக்கி, உலோகம் காட்டும் கருவியின் நுனியில் இருந்த வட்டக் காயிலுக்கு அடியில் நீட்டினாள். காதில் மாட்டியிருந்த ஹெட்போன் நாராசமாகக் கத்தியது. கல்லை வீசிவிட்டு வெறும் தரையில் காட்டினாள். அதற்கும் கத்தியது.

"இன்னாம்மா, ஆரம்பிக்கும்போதே அழுவுது?" என்றார் ஏட்டு லட்சுமணன்.

"மண்ணெல்லாம் இரும்புங்க."

அதற்கு மேல் விளக்கிச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. படவேட்டுப் பெண். பௌதிகம் படித்துவிட்டு வேலூரில் ஒரு அரசு ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்தாள். வெளிநாட்டிலிருந்து வந்த அந்தக் கருவியின் கையேட்டைக் கடைசிப் பக்கம் வரை படித்தவள் அவள் ஒருத்திதான் என்பதால் போலீஸ் கேட்டபோது அவளை அனுப்பிவிட்டார்கள். நாலு பேர் முன்னால் பேசக் கூசுகிறவள் என்பது யாருக்கும் ஒரு தடையாகப் படவில்லை.

தேடுவது மங்கம்மாளை. ஆடி மாதம் புருஷனோடு இந்தப் பக்கம் நெல்லிக்காய் பறிக்க வந்தவள். புருஷன் சடையன் மட்டும் வீடு திரும்பினான். நகையையும் எடுத்துக்கொண்டு லாரிக்காரன் ஒருத்தனோடு கீழே ஓடிப்போய்விட்டாள் என்று அவன் சொன்னான். ஊர்ப் பெரியவர்களும் அப்படியே தீர்த்துவிட்டார்கள். மங்கம்மாளின் தாய் மாதம்மாள் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. மகளின் கூடை சரிவில் கிடந்ததை எடுத்துக்கொண்டு கலசப்பாக்கம் போலீஸ் ஸ்டேஷனுக்கும் மலைக்கும் நடந்தாள். நடந்து நடந்து இந்த ஒரு நாளை வாங்கியிருந்தாள். இன்று ஒன்றும் கிடைக்காவிட்டால் ஓடிப்போனவள் என்றே எழுதிக் கேஸை மூடிவிடுவார்கள்.

இப்போது கார்த்திகை. மழை பெய்து புல் முளைத்து, தோண்டிய மண்ணும் தோண்டாத மண்ணும் ஒன்றாகிவிட்டன.

"எம்பொண்ணு கையில வெள்ளிக் காப்பு கீது, கண்ணு. ரெண்டு கையிலயும். கனமான காப்பு" என்றாள் மாதம்மாள்.

வெள்ளி என்றதும் திரௌபதிக்கு வழி தெரிந்தது. கருவியில் ஒரு குமிழ் உண்டு. அதைத் திருகத் திருக, முதலில் இரும்பின் ஒலி அடங்கும். அப்புறம் தகரம், ஈயக்காகிதம் எல்லாம் அடங்கும். கடைசிவரை திருகினாலும் வெள்ளியின் ஒலி அடங்காது. அவள் கடைசிவரை திருகினாள். சரிவு மொத்தமும் வாயை மூடிக்கொண்டது.

அவளிடம் இரண்டு காயில்கள் இருந்தன. சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒன்று, டீ சாஸர் அளவில் ஒன்று. பெரியது ஆழமாகப் பார்க்கும், ஆனால் தன் அடியில் கிடக்கும் எல்லாவற்றையும் ஒரே இரைச்சலாகக் கலந்துவிடும். சின்னது ஒரு சாணுக்கு மேல் இறங்காது, பக்கத்தில் பக்கத்தில் கிடப்பவற்றைத் தனித்தனியாகப் பிரித்துச் சொல்லும். இத்தனை சிட்டத்துக்கு நடுவே பெரியது உதவாது. அவசரத்தில் தோண்டுகிறவன் ஆழமாகத் தோண்டமாட்டான் என்று நம்பிச் சின்னதை மாட்டினாள்.

சடையன் கொடுவாளோடு வந்து சேர்ந்தான். யாரும் கூப்பிடவில்லை. உன்னிப்புதரை வெட்டி வழி செய்து கொடுத்தான்.

"ரேடியோப் பொட்டியா இது? ஒரு பாட்டு வையிம்மா, கேப்போம்."

திரௌபதி நிமிரவில்லை.

"எங்க மாமியா படற பாட்டப் பாருங்க ஏட்டய்யா. ஓடிப்போனவள மண்ணுக்குள்ள தேடுது. மெட்ராசுல தேடச் சொல்லுங்க."

"வெட்டற வேலையப் பாருடா" என்றார் லட்சுமணன்.

"உன் நாக்கு அழுவ" என்றாள் மாதம்மாள்.

அவன் சிரித்துக்கொண்டே வெட்டினான். பயந்தவன் சிரிப்பு மாதிரி அது இல்லை. திரௌபதிக்கு அதுதான் சங்கடமாக இருந்தது.

மேலிருந்து கீழாக, கயிறு கட்டி, ஒரு அடி விடாமல் காயிலை வீசிக்கொண்டு வந்தாள். சரிவு முடியும் இடத்தில் மழைத்தண்ணீர் கொண்டுவந்து ஒதுக்கிய மண் மேடாகச் சேர்ந்திருந்தது. அங்கே சிட்டக்கல் இல்லை. மண் மெத்தென்றிருந்தது. தோண்டுகிறவன் இங்கேதான் தோண்டுவான் என்று நினைத்து அந்த இடத்தை இரண்டு முறை பார்த்தாள். ஒலி இல்லை. பழைய செப்புக்காசு ஒன்றும் ஒரு பித்தளை மூடியும்தான் மேலே வேறிடத்தில் கிடைத்தன.

உச்சிவெயிலில் புளியமரத்தடியில் உட்கார்ந்தார்கள். மாதம்மாள் தூக்குப் போகணியைத் திறந்து களியைப் பிட்டு இலையில் வைத்தாள். சடையன் தள்ளி ஒரு பாறையில் படுத்து, துண்டை முகத்தில் போட்டுக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது.

லட்சுமணன் அந்தப் பக்கம் மோவாயை நீட்டிக் காட்டினார். "மாதம்மா, நான் உன் பக்கம்தான். ஆனா இத யோசி. அந்த ஆளு அதே வூட்டுல ஒண்டியா தூங்குறான். கதவுகூட சாத்தறதில்ல. கொன்னவன் இப்படித் தூங்குவானா?"

மாதம்மாள் களியை உருட்டிக்கொண்டே இருந்தாள். வாயில் போடவில்லை.

"அதாங்க எனக்கும் வெளங்கல. அதுவும் வாயும் வயிறுமா இருந்தவள. அஞ்சு மாசம். அப்படிப் போனவ கொன்னவன தூங்க வுடுவாளா? அவன் தூங்குறதப் பாத்தா, ஒருவேள எம்பொண்ணு எங்கியோ உசுரோடதான் கீறாளோன்னு மனசு சொல்லுது. அப்படின்னா எனக்கு ஏன் ஒரு வார்த்த சொல்லி அனுப்பல?"

"அஞ்சு மாசமா? புகார்ல சொல்லவே இல்லியே!"

"யாரு கேட்டீங்க? புள்ள என்னுது இல்லன்னு அவன் ஊரெல்லாம் பேசிக்கினு இருந்தான். அதப் போயி ஸ்டேஷன்ல நானே எப்படிச் சொல்றது?"

திரௌபதியின் கை இலையிலேயே நின்றது. படவேட்டில் அவர்கள் தெருவில் ஒருத்தி பிரசவத்துக்கு முன்னமே இறந்துபோனாள். பாடை தெருமுனை தாண்டுவதற்குள் அந்த வீட்டு வாசற்படியில் சுத்தியல் சத்தம் கேட்டது. சுடுகாட்டிலும் அடித்தார்கள் என்று பிறகு பேசிக்கொண்டார்கள். அதன் பின்தான் அந்த வீட்டு ஆண்கள் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கினார்கள்.

"அம்மா" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "அம்மா, உங்க பக்கம் அப்படிச் செத்தவங்களப் பொதைச்சா, ஆணி அடிப்பாங்களா?"

"எங்க ஊர்ல சுமைதாங்கிக் கல்லு நடுவாங்க" என்று ஆரம்பித்தார் லட்சுமணன்.

"அடிப்பாங்க" என்றாள் மாதம்மாள். "சுத்தி அடிப்பாங்க. இரும்பத் தாண்டி எழுந்து வரமாட்டாங்கன்னு..."

அவள் குறட்டை வந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

திரௌபதி எழுந்து கையைக் கழுவினாள். காப்பை அவன் கழற்றியிருப்பான். நகையோடு ஓடினாள் என்ற கதைக்கு அது வேண்டும். குழிக்குள் வெள்ளி இருக்காது. இரும்புதான் இருக்கும். எதைக் கேட்க வேண்டுமோ அதைத்தான் அவள் காலையிலிருந்து அடக்கி வைத்திருக்கிறாள்.

குமிழைத் திரும்பவும் ஆரம்பத்துக்கே திருகினாள். சிட்டக்கல் மேட்டில் ஒரே இரைச்சல். அதை விட்டுவிட்டுக் கீழே, மண் ஒதுங்கிய இடத்துக்குப் போனாள். இங்கே நிலம் அமைதியாக இருந்தது. சின்னக் காயிலைத் தரையோடு ஒட்டி, மெதுவாக, தொட்டிலை ஆட்டுவது போல வீசினாள்.

சட்டென்று ஒரு ஒலி. சிட்டத்தின் கரகரப்பு இல்லை. குட்டையான, சுத்தமான ஒலி. படுத்துக் கிடக்கும் ஆணி இருமுனைக்கும் இரண்டு முறை ஒலிக்கும். இது ஒரே முறை. நட்டு வைத்த ஆணி. அந்த இடத்தில் ஒரு குச்சியை நட்டாள். ஒரு முழம் தள்ளி அடுத்தது ஒலித்தது. அதற்கும் ஒரு குச்சி. பிறகு இன்னொன்று. ஒலிகள் வளைந்து திரும்பின. பெரிய காயிலாக இருந்தால் எல்லாம் ஒன்றாகக் கலந்திருக்கும். இது ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனது.

ஹெட்போனைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தபோதுதான் குச்சிகளை மொத்தமாகப் பார்த்தாள். ஒரு ஆள் படுக்கும் நீளம். ஒரு ஆள் படுக்கும் அகலம்.

மாதம்மாள் அழவில்லை. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மண்ணில் முட்டி போட்டாள். முதல் குச்சியைப் பிடுங்கி அந்த இடத்தை விரலால் கிளறினாள்.

சடையன் விழித்துவிட்டான். பாறையிலிருந்து இறங்கி வந்தவன் குச்சிகளைப் பார்த்தான்.

"தொடாத!" என்று கத்தினான். "ஏட்டய்யா, அதப் புடுங்க வேணாம்னு சொல்லுங்க. ஆணியப் புடுங்க வேணாம்!"

லட்சுமணன் மெல்ல அவன் பக்கம் திரும்பினார். "ஆணியா? யார்றா ஆணின்னு சொன்னது?"

அவன் மறுக்கவில்லை. அதைக் காதிலேயே வாங்கவில்லை. "என்ன இட்டுக்கினு போங்க. ஜெயிலுக்கு வேணாலும் போறேன். ஆணி இருக்கட்டும். சாமி, உங்க கால்ல வுழறேன், பொழுது சாயறதுக்குள்ள திரும்ப அடிச்சிடுங்க."

கொடுவாளை அவனே கீழே போட்டான். லட்சுமணன் அவன் கையைப் பின்னால் முறுக்கிக் கட்டியபோது அவன் கண் முழுக்க மாதம்மாளின் விரல்மேலேயே இருந்தது. துருவேறிய ஆணி ஒன்று அவள் கைக்கு வந்துவிட்டது.

"மாதம்மா, தாசில்தார் வந்துதான் தோண்டணும். அதுவரைக்கும் கைய வெக்காத" என்றார் லட்சுமணன்.

"நான் எங்க தோண்டறேன்? கட்டி வெச்சத அவுக்கறேன்."

அவர் சடையனைத் தள்ளிக்கொண்டு கீழே ஜீப் நிற்கும் இடத்துக்கு நடந்தார். சடையன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். தாசில்தாரை அழைத்துவர ஜீப் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.

மாதம்மாள் ஒவ்வொரு குச்சியாகப் போய் ஒவ்வொரு ஆணியாக எடுத்தாள். சில வரவில்லை. நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. திரௌபதி கொடுவாளை எடுத்துக் கொடுத்தாள். மாதம்மாள் அதை வாங்கிக்கொள்ளவில்லை.

கடைசி ஆணியை மற்றவற்றோடு வைத்துவிட்டு மாதம்மாள் கேட்டாள்: "எல்லாம் வந்துடுச்சா? மிஷின்ல பாரு, கண்ணு. ஒண்ணுகூட நிக்கக் கூடாது."

திரௌபதி சின்னக் காயிலை வீசிப் பார்த்தாள். அமைதி. வந்துவிட்டது என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். அது ஒரு சாண் ஆழம்தான் பார்க்கும். இங்கே சிட்டமும் இல்லை, இப்போது ஆணியும் இல்லை. பெரிய காயிலுக்குக் குழப்பிக்கொள்ள எதுவும் இல்லை. திருகாணியைக் கழற்றிப் பெரியதை மாட்டினாள்.

தலைமாட்டில் ஒன்றுமில்லை. மார்புப் பக்கம் ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். தூரத்தில் யாரோ முனகுவது போல ஒரு ஒலி எழுந்து தாழ்ந்தது. ஆழத்தில், ஆணியைவிடப் பெரிய இரும்பு. மண்ணை மூடுவதற்கு முன்னமே வைத்தது.

இல்லை என்று சொல்லிவிடலாம். தாசில்தார் தோண்டும்போது தெரிந்துகொள்ளட்டும்.

"இன்னும் கீதா?" என்றாள் மாதம்மாள்.

திரௌபதி ஆமென்று தலையை அசைத்தாள்.

"எங்க?"

திரௌபதி காயிலை அகற்றிவிட்டு, அந்த இடத்தைக் கையால் தொட்டுக் காட்டினாள்.

மாதம்மாள் அந்த இடத்தைப் பார்த்தாள். தலைமாட்டைப் பார்த்தாள், கால்மாட்டைப் பார்த்தாள். மறுபடியும் நடுவே, வயிறு இருக்க வேண்டிய இடத்துக்கு வந்தாள். இரண்டு உள்ளங்கையையும் அங்கே வைத்து அழுத்தி, அப்படியே கவிழ்ந்து படுத்துக்கொண்டாள்.

"இத எவனும் தொடக்கூடாது. நான்தான் எடுப்பேன்" என்றாள் மண்ணைப் பார்த்து.

திரௌபதி கருவியை அணைத்தாள். ஜீப் திரும்பி வர இன்னும் வெகுநேரம் ஆகும். அவள் மாதம்மாளின் அருகில், குழியின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.