ஓரத்துக் கண்ணி

சலவை அறையில் காலை ஷிப்டு முடித்து வரும் ஒருத்திக்கு இந்த உலகத்தில் வேண்டியது ஒரு நாற்காலியும், வாயைத் திறக்காத மனிதர்களும்தான். எனக்கு நாற்காலி கிடைத்தது. கூடவே நுனியில் கொக்கி வைத்த ஊசி ஒன்றும், பச்சை நூல்கண்டு ஒன்றும் மடியில் வந்து விழுந்தன.

எல்லாம் என் வீட்டுக்காரர் புண்ணியம். அவர் பஸ் டிரைவர். டிப்போவில் அவருக்குப் பெயரே 'கண்ணாடி'தான். ஓட்டும்போது பக்கக் கண்ணாடியை அத்தனை தடவை பார்ப்பாராம். மழைக்காலம் தொடங்கும்போது அவருக்குப் பக்கவாதம் வந்தது. லேசானதுதான் என்றார்கள். நடை திரும்பிவிட்டது. பேச்சு தேவைக்கு மேலேயே திரும்பிவிட்டது. இடது கை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அதனால் ஆஸ்பத்திரியின் பயிற்சி அறைக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த பயிற்சிக்காரப் பெண் ரப்பர் பந்தைக் கொடுத்துப் பார்த்தாள், களிமண்ணைக் கொடுத்துப் பார்த்தாள். இவர் இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டுக் கொட்டாவி விட்டார். கடைசியில் அவள் கொக்கி ஊசியால் நூல் பின்னுகிற குரோஷா போடச் சொன்னாள். நூலை விரல்களில் சுற்றி இழுத்துப் பிடிப்பது இடது கையின் வேலை, பின்னப் பின்ன விரல்கள் தானாக வழிக்கு வரும் என்றாள்.

ஸ்டியரிங் பிடித்த கையில் ஊசியா என்று இவர் முறுக்கிக்கொண்டார். பிறகு, இவளும் கற்றுக்கொண்டால் நானும் கற்றுக்கொள்கிறேன் என்று என்னைக் காட்டினார். நோய் அவருக்கு, தண்டனை எனக்கு. ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை. நாள் முழுக்க ஓட்டல் படுக்கை விரிப்புகளை ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்து மரத்துப்போன விரல்களோடு, அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

முதலில் சுருக்கு முடிச்சு. அதற்குள் ஊசியை விட்டு, நூலைக் கொக்கியில் மாட்டி, முடிச்சு வழியாகவே வெளியே இழுத்தால் ஒரு கண்ணி. அப்படியே இழுத்துக்கொண்டே போனால் சங்கிலி. கேட்க ஒன்றுமில்லாத விஷயம்தான். ஆனால் நான் ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி நூலை இறுக்கினேன். என் சங்கிலிக்குள் ஊசி என்ன, எறும்புகூட நுழையாது. அவருடையதோ ஒரே சீராக வந்தது. இடது கை நடுங்கினாலும் நூலை விட்டு விட்டுக் கொடுத்தது. பிரேக்கை இப்படித்தான் மிதிக்க வேண்டும் என்று எனக்குப் பாடம் வேறு எடுத்தார். எரிச்சலாக இருந்தாலும், அவர் சிரித்துப் பார்த்துப் பல நாளாகிவிட்டதால் பேசாமல் வாங்கிக்கொண்டேன்.

சங்கிலி கைக்கு வந்ததும் பயிற்சிக்காரப் பெண் ஒற்றைத் தையல் சொல்லிக்கொடுத்தாள். சங்கிலியின் கண்ணிக்குள் ஊசியை விட்டு நூலை இழு. ஊசியில் இரண்டு கண்ணி நிற்கும். மறுபடி நூலை மாட்டி இரண்டுக்குள்ளும் சேர்த்து இழு. வரிசை முடிந்ததும் துணியைத் திருப்பு. அன்றைக்கு அவள் சொன்ன வார்த்தைதான் எங்கள் வீட்டைப் பிடித்து ஆட்டியது.

"நாலு ஓரமும் நேரா ஒரு சதுரம் போட்டுக் காட்டுங்கண்ணா. உங்க கை தயார்னு டிப்போ டாக்டர்கிட்ட நானே சொல்றேன்."

அதற்குப் பிறகு வீட்டில் சதுரத்தைத் தவிர வேறு பேச்சில்லை. உண்மையைச் சொன்னால், அவரைவிட எனக்குத்தான் அவசரம். வேலைக்குப் போகாத மனுஷன் வீட்டில் சும்மா இருப்பதில்லை. நான் பாத்திரம் கழுவுவதில் குறை, கதவு சாத்துவதில் குறை, மூச்சு விடுவதில்கூடக் குறை. அவர் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டினால், நான் கட்டிலில் குப்புற விழுந்து ஒரு பிற்பகல் முழுக்கத் தூங்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

ஆனால் சதுரம் வரவில்லை. எனக்கும் அவருக்கும் வரிசைக்கு வரிசை சுருங்கிக்கொண்டே போய் முக்கோணம்தான் வந்தது. பயிற்சிக்காரப் பெண் சிரித்தாள். புதிதாகப் போடுகிற எல்லாருக்கும் இப்படித்தான், வரிசையின் கடைசிக் கண்ணி ஓரத்தில் ஒளிந்துகொள்ளும், அதை விட்டுவிட்டுத் திருப்பிவிடுவார்கள் என்றாள். அதற்கு ஒரு வழியும் சொன்னாள். வரிசையைத் தொடங்கும்போது முதல் தையலில் ஊக்கு ஒன்றை மாட்டிவைத்தால், திருப்பிப் போட்டு வரும்போது அந்த ஊக்கு இருக்கிற இடம்தான் கடைசிக் கண்ணி. ஊக்குவரை போட்டால் ஓரம் நேராக நிற்கும்.

நின்றது. என் சதுரம் ஓட்டல் தலையணை உறையை நாலாக மடித்த மாதிரி நறுக்கென்று வந்தது. என் கையால் ஒரு பொருள் உண்டானதில் எனக்கே கொஞ்சம் திமிர் ஏறியது.

அவருடையது மட்டும் மறுபடியும் முக்கோணம். ஒவ்வொரு வரிசையையும் ஊக்கு மாட்டித்தான் தொடங்கினார். என்ன பிரயோசனம், மாட்டின ஊக்கெல்லாம் இரண்டு ஓரத்திலும் படிப்படியாக அப்படியே நின்றன. மறுநாள் காட்ட வேண்டும் என்பதால் மதியம் சாப்பாட்டு மேசையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நிதானமாகத்தான் போட்டுக்கொண்டு வந்தார். ஊக்குக்கு முன்னால் நின்றார். துணியைத் திருப்பப் போனார்.

"இன்னும் ஒண்ணு இருக்குங்க."

"எங்க?"

"அதான், ஊக்கு இருக்கே."

அவர் குனிந்து பார்த்தார். வெயில் பட்டு ஊக்கு மின்னிக்கொண்டிருந்தது.

"ஒண்ணும் இல்லையே. எதுக்கு என் உயிர வாங்கற?"

விளையாடுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை. துணியை மெல்ல அவருடைய வலப் பக்கமாக நகர்த்தினேன்.

"அட, இது எங்க இருந்துச்சு?" என்று சிரித்தார்.

அவர் சாப்பிட்டுத் தள்ளிவைத்திருந்த தட்டைப் பார்த்தேன். வலது பாதியை வழித்துச் சாப்பிட்டிருந்தார், இடது பாதியில் சோறு தொடாமல் கிடந்தது. இத்தனை வாரமாக அவருக்குக் கொழுப்பு என்று திட்டிக்கொண்டே அந்த மிச்சத்தை நான் கொட்டியிருக்கிறேன். சவரம் செய்தால் இடது கன்னத்தில் முடி நிற்கும், சோம்பேறித்தனம் என்றேன். இடது தோள் கதவில் இடிக்கும், கண் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். கண் இருந்த இடத்தில்தான் இருந்தது. அந்தப் பக்கம் ஒன்று இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியவில்லை.

அவர் ஓட்டுகிற பஸ்ஸை நினைத்துப் பார்த்தேன். இடது பக்கத்திலிருந்து ஒரு சைக்கிள் வருகிறது. அதற்கு மேல் நினைக்க முடியவில்லை.

அவரோ சதுரத்துக்கு வழி கண்டுபிடித்துவிட்டார். என் துண்டை எடுத்து ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

"நாளைக்கு இதக் கொடு. ரெண்டும் ஒரே பச்சை, யாருக்குத் தெரியப்போவுது? நான் பஸ்ஸு ஓட்டப்போறேனா, ஊசி ஓட்டப்போறேனா?"

நான் முடியாது என்று சொல்லவில்லை. இரண்டையும் பைக்குள் போட்டேன். நடக்கிறார், பேசுகிறார், கையும் தேறிவிட்டது. ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் கண்டுபிடிக்காததையா நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். களைத்துப்போன மனசு எதையும் நியாயப்படுத்தும். சலவை அறையில் மறுநாள் விரிப்பு மடிக்கும்போதும் அந்தப் பிற்பகல் தூக்கம்தான் கண்ணுக்குள் நின்றது.

பயிற்சி அறையில் அந்தப் பெண் கையை நீட்டினாள். நான் பைக்குள் கைவிட்டேன். நேரான ஓரம்தான் விரலில் முதலில் பட்டது. பழகிய விரல், பார்க்காமலே தெரியும். அதை விட்டுவிட்டு, ஊக்குகள் குத்துகிற மற்றதைத் தேடி எடுத்து அவள் கையில் வைத்தேன்.

"இது அவர் போட்டது. அந்த ஊக்கு அவருக்குத் தெரியலம்மா. பக்கத்துல இருந்து பார்த்தேன்."

வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குக் கை வராது.

அவள் ஊக்குகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அவருக்கு எதிரே உட்கார்ந்து, தன் மூக்கையே பார்க்கச் சொல்லிவிட்டு, இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி இரண்டிலும் விரலை ஆட்டினாள். எந்தக் கை ஆடுகிறது என்று கேட்டாள். அவர் தன் வலப் பக்கம் இருந்த கையை மட்டும் காட்டினார். மறுபடி கேட்டாள். மறுபடியும் அதையே காட்டினார், கொஞ்சம் பெருமையாகவே. அவள் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

பிறகு அவள் மறைக்காமல் சொன்னாள். கண்ணில் கோளாறு இல்லை, மூளைதான் இடது பக்கத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. தேறலாம், ஆனால் நாளாகும். ஒவ்வொரு தடவையும் கழுத்தை முழுக்க இடப் பக்கம் திருப்பிப் பார்க்கப் பழக வேண்டும். அதுவரை பஸ் கிடையாது, டிப்போ டாக்டரிடமும் அதைத்தான் சொல்ல வேண்டியிருக்கும். எழுந்திருக்கும்போது அவர் என்னிடம் மட்டும் சொன்னார்.

"அந்தச் சதுரத்தக் கொடுத்திருக்கலாம் நீ."

"கொடுத்திருக்கலாம்," என்றேன். எங்கேயாவது சுவரில் சாய்ந்து அழுதுவிடலாம்போல இருந்தது.

வெளியே வந்து தெருவில் நடந்தோம். அவர் வேகமாக நடந்தார். நான் அவருடைய இடப் பக்கமாகப் போய்ச் சேர்ந்து, வாய் திறக்காமல் கூடவே நடந்தேன். தெரு முனையில் அவர் சட்டென்று நின்றார். வலப் பக்கம் பார்த்தார், பின்னால் பார்த்தார். முகத்தில் இருந்த கோபம் கலைந்து பயம் வந்துவிட்டது.

"எங்க போயிட்ட?"

என் தோள் அவர் தோளில் உரசிக்கொண்டிருந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவருக்கு அந்தப் பெண் சொன்னது ஞாபகம் வந்திருக்க வேண்டும். கழுத்தை மெதுவாக இடப் பக்கம் திருப்பினார். இன்னும் கொஞ்சம் திருப்பினார். என்னைக் கண்டார்.

"இவ்வளவு நேரமும் இங்கயா இருந்த?"

"இங்கதாங்க இருந்தேன்," என்றேன்.

அவர் நடுங்குகிற இடது கையை நீட்டினார். பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்தேன்.