கலங்கல் ஏரியில் ஏழு குமிழி

ஸ்கூபா முக்குளிப்பில் மற்றவர்களை நீருக்கடியில் அழைத்துப்போகும் குழுத்தலைவர் பயிற்சிக்கு எங்கே சேரலாம் என்று முடிவெடுக்க, என் மகள் இரண்டு பள்ளிகளில் முங்கிப் பார்த்தாள். வாளித் தண்ணீருக்கே மூச்சு முட்டும் நான் துணைக்குப் போனேன். முதல் பள்ளியில் கடல் கண்ணாடி மாதிரி இருந்தது. அடியில் அவள் கையாட்டியதுகூடத் தெரிந்தது. இரண்டாவது பள்ளிக்குக் கலங்கல் ஏரிதான். ஏழு பேர் இறங்கினார்கள், ஏழு இடத்தில் குமிழி வந்தது. எது என் பிள்ளையுடையது என்று தெரியாமல் ஏழுக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டேன்.

மேலே வந்தவள், "இங்கதான்ப்பா சேரப்போறேன்" என்றாள்.

"ஏம்மா, அங்க தண்ணி எவ்வளவு தெளிவா இருந்துச்சு!"

"அங்க யாரும் தொலைய மாட்டாங்கப்பா. தொலைஞ்சவங்களைத் தேடக் கத்துக்கணும்ல?"

படிவத்தில், அவசரத்துக்கு யாரை அழைப்பது என்ற கட்டத்தில் என் எண்ணை எழுதினாள்.

"நான் வந்து என்னத்தைக் கிழிக்கப்போறேன்?"

"சும்மா வந்து கரையில நில்லுங்கப்பா."

எனக்குத் தெரிந்த ஒரே நீச்சல் அதுதான்.